குழந்தைக்குக் கொடுத்த 'சர்பாக்டன்ட்' என்பது லெசித்தின்தானா? சாப்பிட்டால் நுரையீரலுக்குப் போய்ச் சேருமா?

நிலா_அம்மா (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் 30 வாரத்தில் பிறந்தவள். அப்போது எடை 1 கிலோ 200 கிராம். பிறந்ததும் அழுதாளாம். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் முனக ஆரம்பித்தாள், விலாவுக்கு நடுவே தோல் உள்ளே உள்ளே இழுத்தது என்று என் கணவர் சொன்னார். எனக்கு அப்போது தியேட்டரில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நுரையீரலுக்குள் ஒரு மருந்து விட வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றதும் அவர் போட்டுவிட்டார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். எடை 2 கிலோ 600. நன்றாகப் பால் குடிக்கிறாள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சர்பாக்டன்ட் 3 மி.லி., ஒரு டோஸ்' என்று இருக்கிறது. எங்கள் தெரு மெடிக்கலில் காட்டியபோது, அது லெசித்தின், ஒரு வகை பாஸ்போலிப்பிட், முட்டை மஞ்சள் கருவில் இருப்பதுதான் என்றார்கள். அதைக் கேட்ட நாத்தனார் சோயா லெசித்தின் மாத்திரை வாங்கி வந்து, நீ சாப்பிட்டால் பால் வழியாகக் குழந்தையின் நுரையீரலுக்குப் போகும் என்கிறார். மாமியார், கர்ப்பமாக இருந்தபோது நெய்யே தொடவில்லை, அதனால்தான் பிள்ளைக்குக் கொழுப்புச் சத்து இல்லாமல் போயிற்று என்கிறார். அந்த மருந்து பன்றி நுரையீரலில் இருந்து எடுப்பது என்று யாரோ சொல்ல, வீட்டில் அதுவும் ஒரு பேச்சாகிவிட்டது. நாங்கள் சைவம்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். அது என்ன பொருள்? என் குழந்தைக்கு ஏன் இல்லாமல் போயிற்று? நான் சாப்பிடாததால்தானா? அந்த மருந்து இன்னும் அவள் உடம்பில் இருக்கிறதா, இல்லை தீர்ந்துபோய் மறுபடி திணறுவாளா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

இரவுப்பணி_செவிலி (பதில்):

தங்கச்சி, நான் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். வேதியியலை வேறு யாராவது சொல்வார்கள். அன்றைக்கு உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதை நான் சொல்கிறேன். கையெழுத்துப் போட்ட அப்பாக்கள் வெளியே நின்று தவிப்பதை எப்போதும் பார்க்கிறேன், அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை.

அந்த முனகல் குழந்தை தானாகச் செய்யும் ஒரு தற்காப்பு. மூச்சை வெளியே விடும்போது குரல்வளையைப் பாதி மூடிக்கொள்ளும். அப்படிச் செய்தால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நிற்கும், காற்றறைகள் முழுசாகச் சுருங்கிப் போகாது. அதைக் கேட்டதும் நாங்கள் மூக்கு வழியாக விடாமல் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியை மாட்டுவோம். குழந்தை செய்ய முயன்ற அதே வேலையைத்தான் அதுவும் செய்கிறது. பபிள் சிபாப் என்றால் மூச்சு வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணீர்ப் பாட்டிலில் 5 செ.மீ. ஆழத்துக்கு முக்கி வைத்திருப்போம். அந்த 5 செ.மீ. தண்ணீர் தரும் அழுத்தம் நுரையீரலைத் திறந்து பிடித்திருக்கும்.

அதற்கும் மேல் ஆக்ஸிஜன் தேவை ஏறிக்கொண்டே போனால் சர்பாக்டன்ட். குப்பி ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும். எடுத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாகத் தலைகீழாகத் திருப்பிக் கலக்க வேண்டும். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். டாக்டர் மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அதன் வழியாக விடுவார். உங்கள் பாப்பாவுக்கு 3 மி.லி. என்றால் கணக்குச் சரியாக இருக்கிறது. பன்றி நுரையீரலில் இருந்து எடுக்கும் வகையில் 1 மி.லி.யில் 80 மி.கி. பாஸ்போலிப்பிட், கிலோவுக்கு 200 மி.கி. கொடுப்பது வழக்கம். 1.2 கிலோவுக்கு 240 மி.கி., அதாவது ஒரு முழுக் குப்பி. மாட்டு நுரையீரலில் இருந்து எடுப்பதும் உண்டு. அதில் அளவு வேறு.

கொடுத்து முடித்த சில நிமிடங்களிலேயே மானிட்டரில் ஆக்ஸிஜன் எண் ஏற ஆரம்பிக்கும். நாங்கள் கொடுக்கும் ஆக்ஸிஜனைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருவோம். இத்தனை வருஷம் பார்த்தும் அந்த நேரம் எனக்கு இன்னும் சாதாரணமாக ஆகவில்லை.

—

ஓய்வு_உயிர்வேதி (பதில்):

நிலா அம்மாவுக்கு வணக்கம். மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பாஸ்போலிப்பிட் பாடத்தைச் செல் சவ்வில் தொடங்காமல் குறைமாதக் குழந்தையின் நுரையீரலில்தான் எப்போதும் தொடங்குவேன். அதனால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மாமியார் சொன்னது. நீங்கள் நெய் சாப்பிடாததற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நுரையீரலுக்கு வேண்டிய கொழுப்பு அமிலம் பால்மிட்டிக் அமிலம். அதை நம் உடம்பு குளுக்கோஸில் இருந்தே கட்டிக்கொள்ளும், வயிற்றில் உள்ள சிசுவும் கட்டிக்கொள்ளும். தினமும் நெய் சாப்பிட்ட அம்மாவுக்கு 30 வாரத்தில் பிறந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். காரணம் வாரக் கணக்கு மட்டுமே. சர்பாக்டன்டை உருவாக்கும் செல்களுக்கு இரண்டாம் வகை நுரையீரல் செல்கள் என்று பெயர். அவை ஏறக்குறைய 24 வாரத்தில் வேலையைத் தொடங்கும். போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகிவிடும். நிறைமாதக் குழந்தையின் நுரையீரலில் கிலோ எடைக்கு ஏறத்தாழ 100 மி.கி. சர்பாக்டன்ட் இருக்கும். மூச்சுத் திணறலோடு பிறக்கும் குறைமாதக் குழந்தையிடம் 10 மி.கி.கூட இருக்காது. உங்கள் மகளின் செல்களுக்கு அந்தச் சில வாரங்கள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இப்போது அது என்ன பொருள் என்பது. நாம் சமைக்கும் எண்ணெயில் கிளிசரால் என்ற சிறு மூலக்கூறின் மூன்று கார்பன்களிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் மாட்டியிருக்கும். அதில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாஸ்பேட்டையும், பாஸ்பேட்டின் மறுமுனையில் கோலினையும் மாட்டினால் அது பாஸ்பட்டிடைல் கோலின், பாஸ்பேட் மாட்டிய கொழுப்புகளான பாஸ்போலிப்பிட்களில் ஒன்று. லெசித்தின் என்று கடையில் சொல்வதில் முக்கியமானது இதுதான். பாஸ்பேட், கோலின் இரண்டிலும் மின்னூட்டம் உண்டு, அதனால் அந்தப் பக்கம் தண்ணீரை விரும்பும். அதைத் தலை என்போம். இரண்டு கொழுப்பு அமிலங்களும் தண்ணீரை விட்டு விலகும். அவை வால்கள். ஒரே மூலக்கூறில் இந்த இரண்டு குணமும் இருப்பதால் அது எங்கே போனாலும் எல்லையில்தான் போய் நிற்கும். இருபுறமும் தண்ணீர் என்றால் வாலோடு வால் சேர்ந்து இரண்டு அடுக்காக நிற்கும். நம் ஒவ்வொரு செல்லின் சவ்வும் அப்படிப்பட்ட ஈரடுக்குதான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று என்றால் தலை தண்ணீரிலும் வால் காற்றிலுமாக ஓரடுக்காக நிற்கும். நுரையீரலில் நடப்பது இந்த இரண்டாவது.

காற்றறையின் உட்சுவரில் எப்போதும் ஈரம் உண்டு. ஈரமான பாலிதீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரிக்கவே வராமல் படுத்துவது எல்லாருக்கும் தெரியும். காற்றறையிலும் அதே தொல்லைதான். தண்ணீரின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசைக்குப் பரப்பு இழுவிசை என்று பெயர், உடல் வெப்பத்தில் அது மீட்டருக்கு 70 மில்லிநியூட்டன். குறைமாதக் குழந்தையின் காற்றறையை ஆரம் 50 மைக்ரான் உள்ள கோளம் என்று வைத்துக்கொண்டு இழுவிசையையும் ஆரத்தையும் வைத்து அழுத்தத்தைச் சொல்லும் லாப்லாஸ் விதிப்படி கணக்குப் போட்டால், அதை மூடாமல் வைத்திருக்க 28 செ.மீ. தண்ணீர் அளவு அழுத்தம் வேண்டும். சர்பாக்டன்ட் அந்த இழுவிசையை 5 மில்லிநியூட்டனுக்குக் குறைத்தால் வெறும் 2 செ.மீ. போதும். செவிலி சகோதரி சொன்ன 5 செ.மீ. தண்ணீரை இதோடு வைத்துப் பாருங்கள். சிபாப் மட்டும் சில குழந்தைகளுக்குப் போதாமல் போவது ஏன் என்று புரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். மூச்சை விட விட அறை சிறுத்து, ஆரம் குறையும், தேவையான அழுத்தம் கூடும். சர்பாக்டன்ட் இல்லாத குழந்தை ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சு மாதிரி போராடித்தான் எடுக்க வேண்டியிருக்கும். விலாவுக்கு நடுவே தோல் உள்ளே போனதாக உங்கள் கணவர் பார்த்தது அந்தப் போராட்டத்தைத்தான்.

எல்லா லெசித்தினும் இந்த வேலையைச் செய்துவிடாது. சோயாவிலும் முட்டையிலும் இருப்பதில் பெரும்பாலும் இரண்டு வால்களில் ஒன்றாவது நிறைவுறாத கொழுப்பு அமிலம். இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் அது வளைந்திருக்கும். வளைந்த வால் பக்கத்து மூலக்கூறை நெருங்க விடாது. செல் சவ்வுக்கு அது நல்லது, சவ்வு இளக்கமாக இருக்கும். நுரையீரலுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். மூச்சு வெளியேறி அறை சுருங்கும்போது மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கி இறுகி நிற்க வேண்டும். அதற்கு இரண்டு வாலும் நேராக இருக்க வேண்டும். 16 கார்பன் உள்ள, நிறைவுற்ற பால்மிட்டிக் அமிலம் இரண்டு கொண்ட டைபால்மிட்டாயில் பாஸ்பட்டிடைல் கோலின் அதற்காகவே அமைந்தது. சுருக்கமாக டி.பி.பி.சி. என்போம். அது இளகும் வெப்பம் 41 டிகிரி. நம் உடம்பு 37. அதனால் அழுத்தும்போது கிட்டத்தட்டத் திடப்பொருளாக நின்று, இழுவிசையைப் பூஜ்யத்துக்கு அருகே கொண்டுபோய்விடும். இந்த 4 டிகிரி வித்தியாசத்தை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன்.

ஆனால் அதே இறுக்கத்தால் இன்னொரு சிக்கல் வரும். மூச்சை இழுக்கும்போது அறை விரிந்ததும் அது சட்டென்று மறுபடி பரவ வேண்டும், தனி டி.பி.பி.சி. அப்படிப் பரவாது. 1960களில் டி.பி.பி.சி.யை மட்டும் தூவலாக்கிக் குழந்தைகளின் மூச்சில் செலுத்திப் பார்த்தார்கள், பலன் கிடைக்கவில்லை. உண்மையான சர்பாக்டன்டில் பத்தில் ஒரு பங்கு புரதம். அதிலும் எஸ்.பி.-பி, எஸ்.பி.-சி என்ற இரண்டு சின்னப் புரதங்களும், பாஸ்பட்டிடைல் கிளிசரால் என்ற இன்னொரு பாஸ்போலிப்பிடும் சேர்ந்துதான் அதைப் பரப்புகின்றன. எஸ்.பி.-பி மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகள் நிறைமாதமாக இருந்தாலும் மூச்சுத் திணறி இறக்கிறார்கள். அவ்வளவு முக்கியமான புரதம் அது.

விலங்கில் இருந்து ஏன் எடுக்கிறார்கள் என்ற கேள்விக்கும் இதுதான் பதில். கொழுப்பைத் தொழிற்சாலையில் செய்துவிடலாம். இந்த இரண்டு புரதங்களும் தண்ணீரில் கரையவே கரையாதவை, செய்வது கடினம். 1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்ஸோசர்ஃப் என்ற சர்பாக்டன்ட் மருந்து முழுக்கச் செயற்கை, அதில் புரதம் கிடையாது. குழந்தைகளைக் காப்பாற்றத்தான் செய்தது, ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தபோது விலங்கு நுரையீரலில் இருந்து எடுத்தவையே விரைவாகவும் நன்றாகவும் வேலை செய்தன. ஜப்பானில் ஃபுஜிவாராவின் குழு 1980இல் முதல் வெற்றியைக் கண்டதும் மாட்டு நுரையீரல் சாற்றை வைத்துத்தான். கடுமையாகத் திணறிய 10 குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள்.

மாத்திரை விஷயம். நாம் சாப்பிடும் லெசித்தினைக் கணைய நீரில் உள்ள பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதி குடலிலேயே ஒரு வாலை வெட்டிவிடும். துண்டுகளாக உறிஞ்சப்பட்டு, குடல் செல்லில் வேறு விதமாக ஒட்டவைக்கப்பட்டு, ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்களின் மேல்தோலாகிப் போய்விடும். முழு லெசித்தினாக நுரையீரலின் விலாசம் தேடிப் போகாது. நுரையீரல் செல் தனக்கு வேண்டியதைத் தானே உள்ளே செய்கிறது. முதலில் சாதாரண பாஸ்பட்டிடைல் கோலினைச் செய்து, அதன் வளைந்த வாலைக் கழற்றிவிட்டு பால்மிட்டிக் அமிலத்தை மாட்டுகிறது. அதனால் அந்த மாத்திரை குழந்தையின் நுரையீரலுக்கு எதுவும் செய்யாது. நீங்கள் பாலூட்டுவதால் உங்களுக்குக் கோலின் வேண்டும்தான், ஒரு நாளைக்கு 550 மி.கி. என்று அமெரிக்க ஊட்டச்சத்து அளவுகோல் சொல்கிறது. அதைப் பால், பருப்பு, கொண்டைக்கடலை, சோயா என்று சாப்பாட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பாப்பாவுக்குத் தாய்ப்பாலையும் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துகளையும் தவிர எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். உங்கள் பாலின் ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் சுற்றிப் பாஸ்போலிப்பிட் உறை இருக்கிறது.

கடைசியாக, தீர்ந்துபோகுமா என்று கேட்டீர்கள். போகாது. பிறந்த குழந்தையின் நுரையீரல் பயன்படுத்திய சர்பாக்டன்டைத் தூக்கி எறிவதில்லை. அதே செல்கள் உள்ளே இழுத்து, மறுபடி பொட்டலம் கட்டி வெளியே அனுப்புகின்றன. வெளியில் இருந்து கொடுத்ததும் அந்தச் சுழற்சிக்குள் சேர்ந்துவிடும். அதற்குள், பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில், குழந்தையின் சொந்த உற்பத்தி எழுந்துவிடும். இப்போது உங்கள் மகள் விடும் மூச்சு அவளே செய்த சர்பாக்டன்டில்தான்.

—

பார்மசி_மாணவன் (பதில்):

மேடம், ஒரு சந்தேகம். பாஸ்போலிபேஸ் ஏ2 என்றால் பாம்பு விஷத்தில் இருப்பது என்று படித்திருக்கிறேன். குடலிலும் அதே நொதியா? அப்புறம் சந்தையில் 'பாஸ்பட்டிடைல் செரின், நினைவாற்றலுக்கு' என்று ஒரு மாத்திரை விற்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தானா?

—

ஓய்வு_உயிர்வேதி (பதில்):

நல்ல கேள்வி, தம்பி. அதே குடும்பத்து நொதிதான். நடுக் கார்பனில் மாட்டியிருக்கும் வாலை வெட்டுவது அதன் வேலை. குடலில் அந்த வெட்டு உணவின் மேல் விழுகிறது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் விஷத்தில் அதே வெட்டு உயிருள்ள செல்லின் சவ்வு மேல் விழுகிறது. ஒரு வால் போன லெசித்தினுக்கு லைசோலெசித்தின் என்று பெயர். அது சவ்வுக்குள் சரியாக அடங்காது, சேரச் சேரச் செல் உடையும். நம் செல்களுக்குள்ளும் இந்தக் குடும்பத்து நொதி உண்டு. அங்கே அது சவ்வில் இருந்து அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை வெட்டி எடுக்கிறது. அதிலிருந்துதான் காய்ச்சல், வலி, வீக்கம் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் பிறக்கின்றன. ஆஸ்பிரின் அடுத்த படியைத் தடுக்கிறது.

பாஸ்பட்டிடைல் செரினில் கோலினுக்குப் பதில் தலையில் செரின். நம் செல்கள் அதைச் சவ்வின் உட்பக்கத்திலேயே வைத்திருக்க ஆற்றல் செலவழிக்கின்றன. அது வெளிப்பக்கம் திரும்பினால் ஒரு சேதி என்று பொருள். சாகும் செல்லில் திரும்பினால், விழுங்கும் செல்கள் வந்து அதை அப்புறப்படுத்தும். காயம்பட்ட இடத்தில் ரத்தத் தட்டுகள் அதை வெளியே திருப்பும். ரத்தம் உறைய வைக்கும் காரணிகள் கால்சியத்தின் துணையோடு அந்தப் பரப்பில்தான் வந்து ஒட்டி வேலை செய்யும். மாத்திரையைப் பொறுத்தவரை, நான் மேலே சொன்ன குடல் கதை இதற்கும் பொருந்தும். வாங்கச் சொல்லி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

—

அஸ்லம்_அத்தா (பதில்):

சகோதரி, எங்கள் மகனுக்கும் 29 வாரத்தில் இதே மருந்து கொடுத்தார்கள். பன்றி என்று பின்னால் தெரிந்தபோது எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் மனம் கஷ்டப்பட்டார்கள். நான் பள்ளிவாசல் இமாமிடம் நேராகப் போய்க் கேட்டேன். உயிர் போகும் நிலையில், வேறு வழி கையில் இல்லாதபோது கொடுத்த மருந்துக்குத் தடை இல்லை, மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். அன்றோடு பேச்சு நின்றது. உங்கள் குடும்பத்துக்கு மரியாதையான பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் உங்கள் கணவர் ஒரு முறை பேசட்டும். கையெழுத்துப் போட்டவர் மனதில் அது இருந்துகொண்டே இருக்கும், வெளியே சொல்ல மாட்டார். நானும் அப்படித்தான் இருந்தேன். மாட்டில் இருந்து எடுப்பதா, பன்றியில் இருந்தா என்று முன்னாடியே கேட்கலாம், ஆனால் அந்த நேரத்தில் மருத்துவமனையில் கைவசம் இருப்பதைத்தான் கொடுப்பார்கள்.

—

நிலா_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. முக்கியமாக நெய் பற்றிய பதிலுக்கு. அதை மாமியாரிடம் கணவரே படித்துக் காட்டினார். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மாத்திரை டப்பாவை நாத்தனார் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் ஒரு கேள்வி. எனக்கு வலி வந்து போனபோது ஓர் ஊசி போட்டார்கள், குழந்தையின் நுரையீரலுக்கு என்று. ஒன்று போட்டதுமே பிரசவம் ஆகிவிட்டது. அதுவும் பாஸ்போலிப்பிட்தானா? அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா?

—

ஓய்வு_உயிர்வேதி (பதில்):

அது ஸ்டீராய்டு, அம்மா. டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோனாக இருக்கும். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போய், நான் சொன்ன அந்த இரண்டாம் வகைச் செல்களை முதிர வைக்கும். கொழுப்பு அமிலம் கட்டும் நொதி, கோலினைச் சேர்க்கும் நொதி, எஸ்.பி.-பி புரதம் எல்லாமே கூடும். வெளியில் இருந்து பாஸ்போலிப்பிடைக் கொடுப்பது பிறந்த பிறகு. குழந்தையையே செய்ய வைப்பது பிறக்கும் முன்.

இதைக் கண்டுபிடித்தது நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர். பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று செம்மறியாடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு பெற்ற குட்டி ஒன்று உயிர் வாழவே முடியாத அளவு முன்னதாகப் பிறந்தும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதை அவர் விட்டுவிடவில்லை. குழந்தை மருத்துவர் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார். மூச்சுத் திணறல் நோய் 25.8 சதவீதத்தில் இருந்து 9 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஊசிக்கு ஆகும் செலவோ மிகச் சிறியது.

இதற்கு ஒன்பது வருடம் முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஓர் ஆண் குழந்தை பிறந்தது, பேட்ரிக். எடை 2 கிலோ 100 கிராம். உங்கள் மகளைவிட 900 கிராம் அதிகம். பாஸ்டனில் உயர் அழுத்த ஆக்ஸிஜன் அறையில் வைத்தும் 39 மணி நேரத்தில் இறந்துவிட்டது. காரணம் அப்போதே தெரியும். அதே பாஸ்டனில் மேரி எல்லன் ஏவரி என்ற மருத்துவர், இப்படி இறந்த குழந்தைகளின் நுரையீரல் சாற்றை, பரப்பு இழுவிசையை அளக்க கிளெமென்ட்ஸ் என்ற ஆய்வாளர் உருவாக்கிய முறையில் சோதித்து, அதில் இழுவிசை குறையவே இல்லை என்று ஜியர் மீடுடன் சேர்ந்து 1959இல் எழுதிவிட்டார். என்ன குறை என்று தெரிந்தும் கொடுக்க ஒன்றும் கையில் இல்லாத காலம் அது. 2 கிலோவுக்கு மேல் இருந்த அதிபரின் மகன் பிழைக்காத நோயில் இருந்து 1 கிலோ 200 இருந்த உங்கள் மகள் எழுந்து வந்திருக்கிறாள் என்றால், நடுவில் அந்த மூலக்கூறுக்காக எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த குழந்தை பற்றிச் செவிலி சகோதரி சொன்னால்தான் சரியாக இருக்கும்.

—

இரவுப்பணி_செவிலி (பதில்):

ஒரு முறை குறைமாதத்தில் பிறந்திருந்தால் அடுத்த முறையும் முன்னதாகப் பிறக்க மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், தங்கச்சி. பயப்பட வேண்டாம், ஆனால் முதல் செக்கப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். இந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

நம் ஊரில் அரசு வழிகாட்டுதல்படி டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி, 24 முதல் 34 வாரம் வரை. முழுப் பலன் கிடைக்க ஊசி தொடங்கி ஒரு நாளாவது ஆக வேண்டும். உங்களுக்கு ஒன்றுதான் போட முடிந்தது என்கிறீர்கள், அதுவும் வீண் இல்லை. வலி வந்து போகிறது, வெள்ளைப்படுதல் தண்ணீராக வருகிறது, இடுப்பு விட்டு விட்டுப் பிடிக்கிறது என்றால், விடியட்டும் பார்க்கலாம் என்று வீட்டில் இருக்காதீர்கள். பொய் வலியாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதானே. குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனையாகப் பார்த்துப் போங்கள். குழந்தையை வயிற்றில் வைத்தபடியே கொண்டுவருவதுதான் பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் கொண்டுவருவதைவிடப் பாதுகாப்பு.

இப்போதைக்குப் பாப்பாவுக்குக் கங்காரு முறையில் நெஞ்சோடு வைத்துக்கொள்வதைத் தொடருங்கள், அப்பாவும் செய்யலாம். கண் பரிசோதனைக்கும் காது பரிசோதனைக்கும் கொடுத்த தேதிகளைத் தவற விடாதீர்கள். வீட்டில் யாருக்குச் சளி இருந்தாலும் கிட்டே விட வேண்டாம், ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையும் வேண்டாம். மறுபடி முனகல், மூக்குத் துவாரம் விரிதல், விலா உள்ளே இழுத்தல், பால் குடிக்க மறுத்தல் இதில் எது தெரிந்தாலும் நேராக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். அப்படி வந்தால் அது கிருமித் தொற்றாகவோ வேறு ஏதாவதாகவோ இருக்கும், பழைய சர்பாக்டன்ட் தீர்ந்து போனதால் இருக்காது. ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர்தான்.